ஒஹியாவுக்கு உரம் போடாதீர்கள்

கறுப்புப் பாறை விரிசலுக்குள்ளிருந்து இரண்டு மூன்று இலைகளோடு எட்டிப் பார்க்கும் ஒரு செடி, கீழே ‘வாழ்க்கை எப்படியும் ஜெயிக்கும்’ என்று ஒரு வரி. இந்தப் படம் காலை வணக்கத்தோடு வராத வாட்ஸ்அப் குழு இருக்காது. எரிமலைக் குழம்பு ஓடி இறுகிப்போன இடத்தில் முளைத்த செடி என்பது பார்த்தாலே தெரியும். எந்த எரிமலை, என்ன செடி என்று மட்டும் யாரும் போடுவதில்லை. பச்சையாக இருக்கிறது, அது போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஹவாயின் பெரிய தீவுக்குப் போய்வந்த பிறகு எனக்கு இந்தப் படம் உறுத்த ஆரம்பித்துவிட்டது. அங்கே லாவாவில் முளைக்கும் பச்சைகளில் ஒன்று, அந்தக் கல்லில் வாழ்வதற்கென்றே லட்சக்கணக்கான வருடங்களாகப் பழகி வந்த ஒஹியா மரம். இன்னொன்று, அதே கல்லை அந்த மரத்துக்கு இல்லாமல் செய்துவிடுகிற மரம். இரண்டின் கன்றையும் படம் எடுத்து அதே வரியைக் கீழே போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அக்கா வீடு கலிஃபோர்னியாவில். அங்கிருந்து எல்லோருமாகச் சேர்ந்து ஹவாய் போனோம். கீலவேயா எரிமலைப் பூங்காவில் லாவா வெளியின் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நின்றபோது அத்தான் சொன்னார்: “மாப்ள, இவ்வளவு இடம் சும்மா கெடக்குதே, ஒரு மரத்தைக் கிரத்தை நட்டு வச்சா என்ன?” அத்தான் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏரிக்கரையில் கன்று நட்டு, தண்ணீர் ஊற்ற ஆளுக்குச் சம்பளமும் கொடுத்துவிட்டு வருகிறவர். வெறும் நிலத்தைப் பார்த்தால் அவருக்கு மனசு ஆறாது. எனக்கும் அந்த நேரத்தில் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது, ஆனால் அதற்குள் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. அது என்ன என்று தேடப் போய்த்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

கல்லில் முதலில் வருகிறவர்கள்

கீலவேயா இக்கி என்று ஒரு பள்ளம் இருக்கிறது. 1959 நவம்பரில் அதன் பக்கச் சுவர் பிளந்து லாவா பீறிட ஆரம்பித்தது. ஐந்து வாரம் விட்டு விட்டு நடந்த அந்த வெடிப்பில் நெருப்பு ஊற்று அதிகபட்சமாக 580 மீட்டர் உயரம் வரை எழும்பியது. பள்ளத்துக்குள் 100 மீட்டருக்கும் மேல் ஆழமான லாவா ஏரி தேங்கிப்போனது. மேலே ஆடை கட்டி, உள்ளே முழுசாக இறுகுவதற்கே பல பத்தாண்டுகள் ஆயின. இன்றைக்கு அந்த ஏரியின் மேல் நடந்து போகலாம். மழை பெய்தால் விரிசல்களிலிருந்து ஆவி கிளம்பும். அந்த விரிசல்களில்தான் வரிசை வரிசையாக முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் சிறு மரங்கள் நிற்கின்றன. சில உச்சியில் சிவப்புப் பூ, கொத்துக் கொத்தாக மகரந்தத் தாள்கள் மட்டுமே வெளியே தெரிகிற மாதிரி. அதுதான் ஒஹியா. பூவுக்குத் தனியாக லெஹூவா என்று பெயர். நம் நாவலும் கொய்யாவும் சேர்ந்த அதே குடும்பம், அதனால் பூவைப் பார்த்தவுடனேயே எங்கேயோ பார்த்த முகம் மாதிரி தோன்றும்.

ஒஹியாவின் விதை தூசு மாதிரி இருக்கும். காற்று எங்கே கொண்டுபோய்ப் போடுகிறதோ அங்கே போகும், மலை தாண்டியும் போகும். பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஹவாய்க்கு இதன் மூதாதை வந்து சேர்ந்ததும் அநேகமாகக் காற்றில் ஏறித்தான். நியூசிலாந்துக் கடற்கரையில் நிற்கும் போஹூட்டுகாவா மரமும் இதன் நெருங்கிய உறவுதான். வழவழப்பான லாவாத் தகட்டில் விரிசல் ஒன்று இருந்தால் அங்கே கொஞ்சம் மழைத் தண்ணீர் நிற்கும், கொஞ்சம் தூசு சேரும். விதைக்கு அவ்வளவு போதும். வேர் விரிசல் வழியாக எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் கீழே இறங்கிப் போகும். லாவா ஓடிய குகைகளுக்குள் போனால் கூரையிலிருந்து ஒஹியா வேர்கள் தொங்குவதைப் பார்க்கலாம். அந்த இருட்டில் அந்த வேரின் சாற்றை மட்டுமே உறிஞ்சி வாழ்கிற, கண்ணில்லாத, வெளிறிய தத்துப்பூச்சி ஒன்று இருக்கிறது. 1971-ல் பிஷப் அருங்காட்சியகத்தின் பிரான்சிஸ் ஹோவர்த் அந்தக் குகைகளில் இப்படியொரு உலகமே இருப்பதைக் கண்டுபிடிக்கும் வரை, இவ்வளவு இளம் தீவில் குகைப் பூச்சிகள் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

எரிமலை விடும் கந்தகப் புகை வந்தால் ஒஹியா தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், காற்று மாறியதும் திறந்துகொள்ளும். இளம் லாவாவில் நிற்கிற மரங்களுக்கு இலையின் அடியில் வெள்ளை ரோமம் படர்ந்திருக்கும். பழைய, ஈரமான காட்டில் நிற்பவற்றின் இலை பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். மரம் ஒன்றுதான், ஆனால் இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுகிறது. கடலோரத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரம் வரை இருக்கிறது. ஒரு இடத்தில் 25 மீட்டர் உயரமாக வளரும், சதுப்பு நிலத்தில் கணுக்கால் உயரத்திலேயே பூத்து நிற்கும். 1959 வெடிப்பில் எரிமலைத் துகள் கொட்டிப் பாதி உடம்பு புதைந்துபோன ஒஹியாக்களில் பல, இலை எல்லாம் உதிர்ந்து கட்டையாக நின்றுவிட்டு, பிறகு புதைந்த தண்டிலிருந்தே புது வேர் விட்டுத் துளிர்த்தன. அந்த இடத்தில் வெடிப்புக்குப் பிறகு வருடக்கணக்காக ஆராய்ச்சியாளர்கள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள், எது முதலில் வருகிறது, எது போகிறது என்று.

ஒஹியாவுக்கும் முன்னால் வருகிறவர்கள் உண்டு. மழை அதிகம் விழும் ஹீலோ பக்கம் போனால் லாவா கறுப்பாக இருக்காது, வெள்ளி பூசியது மாதிரி சாம்பல் நிறமாக இருக்கும். அது ஸ்டீரியோகாலன் என்ற பாசி. செட்டிநாட்டு மசாலாவில் நாம் போடும் கல்பாசியும் இந்த வகை உயிர்தான், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துவது. மழை குறைந்த கோனா பக்கமோ, 1859-ல் மவுனா லோவா எரிமலையிலிருந்து கடல் வரை ஓடிய லாவா இன்னும் நேற்று ஓடியது மாதிரி கறுப்பாகக் கிடக்கிறது. ஒரே தீவு, ஒரே கல். மழை எங்கே விழுகிறது என்பதை வைத்து ஒரு இடத்தில் நூறு வருடத்தில் காடு, இன்னொரு இடத்தில் நூற்றைம்பது வருடம் ஆகியும் கல்.

தழைச்சத்து

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்று மூன்று. லாவாவில் மணிச்சத்து இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, இரும்பு இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து வரும் கல்லில் இல்லாதது தழைச்சத்து மட்டும்தான். காற்றில் கொட்டிக் கிடக்கிறது, கல்லில் இல்லை. எனவே புது லாவாவில் முளைக்க வருகிற எதற்கும் முதல் பட்டினி தழைச்சத்துப் பட்டினி. மழையோடு கொஞ்சம் வரும், ஸ்டீரியோகாலன் மாதிரியான பாசிகள் காற்றிலிருந்து கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும். அந்தச் சொட்டுச் சொட்டான வரவில் வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் பருத்து, நூற்றாண்டுக் கணக்கில் வாழக்கூடிய மரம் ஒஹியா. இதைக் கொண்டு வா அதைக் கொண்டு வா என்று கேட்காத மரம்.

எங்கள் வீட்டில் நாற்று நடுவதற்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுவார்கள். வேரில் முடிச்சு இருக்கிற செடி என்றாலே நல்ல செடி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அகத்தி, கொளுஞ்சி, சணப்பை எல்லாம் மண்ணுக்கு நல்லது செய்பவை. இந்த எண்ணம் எனக்குள் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது பூங்காவில் அந்த ஒரு மத்தியானத்தில்தான் தெரிந்தது.

பாதையோரத்தில் சில தன்னார்வலர்கள் இஞ்சி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இமயமலைப் பக்கத்து இஞ்சி வகை அது, மஞ்சள் பூ, மணம் ஆளைத் தூக்கும். அழகுக்கு வளர்த்தது தப்பிப் போய்க் காட்டுக்குள் தரையே தெரியாமல் மூடிவிட்டது. நாங்கள் நின்று பார்த்ததும், அதில் ஒரு வயதான அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேசினார். அத்தான் தன் கேள்வியை அவரிடமும் கேட்டார், லாவா வெளியில் மரம் நட்டால் என்ன என்று. அவர் பதில் சொல்லாமல் கொஞ்ச தூரம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அடர்ந்த, கரும்பச்சையான மரக்கூட்டம். கீழே நல்ல நிழல். ஒஹியாக் காட்டில் எப்போதும் வானம் தெரியும், இலைகள் அவ்வளவு இடம் விட்டுத்தான் இருக்கும். இங்கே வானமே தெரியவில்லை. குனிந்து தரையில் கிடந்த சருகைக் கையால் ஒதுக்கினார். கீழே கறுப்பாக, ஈரமாக, பொலபொலவென்று மண். அதில் மண்புழு நெளிந்தது. அத்தான் தன்னை மறந்து, “அடடா, அருமையான மண்ணாச்சே!” என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். நாங்கள் சொன்னதை அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது, அவர் மெதுவாகத் தலையாட்டிவிட்டு, ஆமாம், பிரச்சினையே அதுதான், இந்தத் தரையில் ஒரு ஒஹியாக் கன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றார். தேடினோம். ஒன்றும் இல்லை. பெரணி இல்லை, ஒஹெலோ புதர் இல்லை, வெளியே விரிசலுக்கு விரிசல் பார்த்த எதுவும் இல்லை.

அந்த மரத்தின் பெயர் ஃபாயா. அசோர்ஸ், மதேரா, கேனரித் தீவுகளில் இருந்து வந்தது. 1800-களின் பிற்பகுதியில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்ச்சுக்கீசியர்கள் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு 1920-களில் காடு வளர்க்கிறோம் என்று அரசும் தோட்டக்காரர்களும் சேர்ந்து நட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் நட்டார்கள். பூங்காவுக்குள் முதன்முதலில் 1961-ல் கண்ணில் பட்டது. 1985-க்குள் 12,000 ஹெக்டேருக்கு மேல் பரவிவிட்டது. ஃபாயாவின் வேரில் முடிச்சு உண்டு. அதற்குள் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. 1987-ல் சூழலியல் ஆராய்ச்சியாளர் பீட்டர் விட்டூசெக்கும் அவருடன் இருந்தவர்களும் அளந்து சொன்ன கணக்கு இது: ஃபாயா நுழைந்த இளம் லாவாக் காட்டில், வருடத்துக்கு மண்ணில் சேரும் தழைச்சத்து ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. ஒரு மரம் வந்து ஒரு இடத்தின் மண்ணையே மாற்றிவிட முடியும் என்பதற்கு உலகம் முழுக்க இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இந்த ஆராய்ச்சிதான். விட்டூசெக் ஹவாயிலேயே வளர்ந்தவர். அந்த மண்ணைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஃபாயா பரவுகிற விதம்தான் எனக்கு மனசைப் பிசைந்தது. அதன் பழத்தைப் பறவைகள் தின்னும், அதிலும் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வெள்ளைக்கண்ணிகள் விரும்பித் தின்னும். தின்றுவிட்டு உட்கார லாவா வெளியில் வேறு என்ன இருக்கிறது, ஒஹியாக் கிளைதான். எச்சத்தோடு விழும் விதை ஒஹியாவின் காலடியிலேயே முளைக்கும், ஒஹியா தருகிற கொஞ்ச நிழலிலும் ஈரத்திலும் பிழைத்துக்கொள்ளும். சில வருடத்தில் அதைத் தாண்டி உயரும்.

உரம் கொடுத்தால் ஒஹியாவும் வளரும்

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லாவிட்டால் ஒஹியா ஏதோ பட்டினியை விரும்பும் மரம் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. இளம் லாவாவில் நிற்கும் ஒஹியாவுக்குத் தழைச்சத்து உரம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நன்றாக, முன்னைவிட வேகமாக வளர்ந்தது. எந்தச் செடியும் சோறு போட்டால் வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் சோறு இருக்கிற இடத்துக்குப் பந்தயத்தில் ஓடத் தெரிந்தவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஸ்ட்ராபெரி கொய்யா வரும், இஞ்சி வரும், வெளிநாட்டுப் புல் வரும். அவர்கள் வளருகிற வேகத்துக்கு முன்னால் ஒஹியாவின் வேகம் ஒன்றுமே கிடையாது. ஒஹியாவின் பலம் மற்றவர்கள் வரமுடியாத இடத்தில் இருக்கத் தெரிந்தது. அந்த இடத்தை எல்லோருக்கும் வசதியாக ஆக்கிவிட்டால் அதன் பலம் செல்லாக்காசாகிவிடுகிறது. மண்புழுவும் இப்படித்தான் வந்து சேருகிறது. ஃபாயாவுக்குக் கீழே ஒஹியாவுக்குக் கீழே இருப்பதைவிடப் பல மடங்கு மண்புழு. எல்லாம் வெளியிலிருந்து வந்த இனங்கள். மண்புழுவைத் தேடிக் காட்டுப்பன்றி வந்து மண்ணைக் கிளறும், கிளறிய மண்ணில் களை முளைக்கும்.

ஹவாய்த் தீவுகள் வயது வரிசையில் நிற்கின்றன என்பது இந்த ஆராய்ச்சிகளுக்குக் கிடைத்த பெரிய வரம். தென்கிழக்கு மூலையில் கீலவேயா, இன்னும் லாவா கக்குகிறது. வடமேற்கில் கவாய்த் தீவின் மண்ணுக்கு 40 லட்சம் வயது. கருங்கல்லில் கட்டிய இறைவன் கோவிலுக்கென்று கவாய் போகிற நம் ஆட்கள் அங்கே பார்க்கிற சிவப்பு மண் அதுதான், ஒரு காலத்தில் இதே கறுப்பு லாவாவாக இருந்தது. 300 வருட மண்ணிலிருந்து 40 லட்சம் வருட மண் வரை விட்டூசெக் குழுவினர் வரிசையாக இடங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் காட்டின் முதல் மரம் ஒஹியாதான். ஆனால் பட்டினி மாறுகிறது. இளம் மண்ணில் தழைச்சத்து இல்லை. நடு வயது மண்ணில் தழைச்சத்து, மணிச்சத்து இரண்டும் ஓரளவு இருக்கிறது, காடு அங்கேதான் செழிப்பாக இருக்கிறது. மிகப் பழைய மண்ணில் தழைச்சத்து இருக்கிறது, மணிச்சத்துதான் லட்சக்கணக்கான வருட மழையில் கரைந்தும் மண்ணோடு இறுகிப் பூட்டிக்கொண்டும் கைக்கு எட்டாமல் போய்விட்டது. அந்தப் பழைய காட்டுக்கு மணிச்சத்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? மத்திய ஆசியாவின் பாலைவனங்களிலிருந்து எழும்பி, பசிபிக்கின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து வந்து விழும் தூசியிலிருந்து. 1999-ல் இதை அளந்து காட்டினார்கள். நான் இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

தழைச்சத்து பிடிக்கிற மரம் ஹவாயிலேயே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கோவா என்று ஒரு வேல மரம், அந்த ஊருக்கே சொந்தமானது. ஆனால் ஈரமான புது லாவாவில் முதல் ஆளாக வந்து உட்காருவது அதன் வழக்கமில்லை. மண் கொஞ்சம் சேர்ந்த பிறகு வரும். யார் எப்போது வருகிறார்கள் என்பதிலேயே அந்த ஊருக்கு ஒரு முறை இருக்கிறது. ஃபாயா அந்த வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டது.

அப்புறம் லாவாச் சிள்வண்டு. புது லாவா ஆறிய சில மாதங்களுக்குள், ஒரு செடிகூட முளைப்பதற்கு முன்னால், எங்கிருந்தோ இந்தச் சிள்வண்டு வந்து சேர்ந்துவிடுகிறது. இறக்கை கிடையாது. காற்று கொண்டுவந்து போடுகிற சருகுத் துணுக்கையும் செத்த பூச்சியையும் தின்று பாறை இடுக்குகளில் வாழ்கிறது. செடிகள் வந்து லாவா பச்சையாக ஆரம்பித்ததும் அது அங்கிருந்து காணாமல் போய்விடும், அடுத்த புது லாவாவுக்கு. அத்தான் சும்மா கிடக்கிறது என்று சொன்ன அந்த வெளி, இந்தச் சிள்வண்டுக்கு வீடு. வேறு எங்கேயும் அதற்கு வீடு கிடையாது. நாம் காலி என்று சொல்லும் எந்த இடத்தைப் பற்றியும் எனக்கு இப்போது ஒரு தயக்கம் வருகிறது.

மரம் வீட்டின் மேல் விழுந்த கதை

இது பூச்சிக்கும் பெரணிக்கும் மட்டுமான பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு புனா வட்டாரத்தைச் சொல்லலாம். தீவின் கிழக்கு ஓரம், பழைய லாவாக்களின் மேல் மனைப்பிரிவு போட்டு விற்ற இடம். அங்கே அல்பீசியா என்று ஒரு மரம், இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள் பக்கத்தைச் சேர்ந்தது. 1917-ல் தாவரவியலாளர் ஜோசப் ராக் ஹவாய்க்குக் கொண்டுவந்தார், இதுவும் காடு வளர்க்கத்தான். இதுவும் வேரில் முடிச்சு உள்ள மரம். சில வருடங்களிலேயே அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்குப் போய்விடும், கட்டை ரொம்ப இளசு. 2014 ஆகஸ்டில் இசெல் புயல் புனாவில் கரையேறியபோது இந்த அல்பீசியாக்கள்தான் சாலைகளின் மேலும் மின்கம்பிகளின் மேலும் வீடுகளின் மேலும் விழுந்தன. பல இடங்களில் வாரக்கணக்காக மின்சாரம் இல்லை. பக்கத்தில் நின்ற ஒஹியாக்களில் பெரும்பாலானவை அசையாமல் நின்றன. 2018-ல் அதே புனாவில் லெயிலானி குடியிருப்புக்கு நடுவே தரை பிளந்து, மே முதல் ஆகஸ்ட் வரை லாவா ஓடியது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, 35 சதுர கிலோமீட்டர் புது லாவாவுக்கு அடியில் போனது. அந்தப் புதுக் கல்லுக்கு எந்தக் காட்டிலிருந்து விதை வரும் என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் லாவா ஓடும்போது நடுவில் தீவு தீவாகத் தப்பிய பழைய ஒஹியாக் காடுகள் இருக்கும், அங்கிருந்து விதை பறந்து வரும். இப்போது சுற்றிலும் அல்பீசியா.

ஒஹியாவுக்கு வேறொரு கேடும் சேர்ந்துகொண்டது. 2014-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள், செராடோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. இரண்டு இனம், இரண்டுமே அறிவியலுக்குப் புதியவை, 2018-ல்தான் பெயர் வைத்தார்கள். பட்டையில் காயம் இருந்தால் உள்ளே போய் மரத்தின் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். இலை பழுக்க ஆரம்பித்தால் சில வாரங்களில் முழு மரமும் காய்ந்துவிடுகிறது. லட்சக்கணக்கில் மரங்கள் போய்விட்டன. பாதைகளின் வாசலில் செருப்புத் தேய்க்கத் தூரிகையும் தெளிக்க ஆல்கஹாலும் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் பூஞ்சை மண்ணோடு ஒட்டிக்கொண்டு போகும். ஹவாயின் ஹூலா நடனம் ஆடுகிறவர்களுக்கு லெஹூவா பூ இல்லாமல் மாலையே கிடையாது, அவர்களில் பலர் காட்டுக்காக அதைப் பறிப்பதை விட்டிருக்கிறார்கள். பயணிகளாகப் போகிற நாம் ஒரு நிமிடம் நின்று செருப்பைத் தேய்க்காமல் ஓடுவதைப் பார்த்தபோது கோபமாகத்தான் வந்தது.

நமக்கு இந்தக் கதை புதிதில்லை. நீலகிரியின் புல்வெளிகளைத் தரிசு என்று எழுதி வைத்துவிட்டு வாட்டில் மரத்தை நட்டோம். அதுவும் வேரில் முடிச்சு உள்ளதுதான், அதுவும் வேகமாக வளர்வதுதான். சோலையும் புல்லும் சேர்ந்ததுதான் அந்த மலை என்று தோடர்களுக்குத் தெரிந்திருந்தது, நட்டவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சீமைக்கருவேலம் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

பூங்காக்காரர்கள் ஃபாயாவை என்ன செய்கிறார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். முழுப் பூங்காவிலிருந்தும் அதை ஒழிக்க முடியாது என்பதை 1980-களிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நல்ல நிலையில் இருக்கிற சில பகுதிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, அங்கே ஆளையும் பணத்தையும் குவிப்பது, மற்ற இடங்களை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் எனக்கு அது சரியென்றே படுகிறது, எல்லா இடத்திலும் பாதி வேலை செய்து எல்லா இடத்தையும் இழப்பதைவிட. மரத்தை எப்படிச் சாகடிப்பது என்பதிலும் பரிசோதனை நடந்திருக்கிறது. ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் வெயில் ஒரேயடியாகத் தரையில் விழுகிறது, அத்தனை வருடம் மண்ணில் சேர்ந்த தழைச்சத்து மொத்தத்தையும் வெளிநாட்டுப் புல் தின்று வளர்ந்துவிடுகிறது. பட்டையை வளையமாகச் சீவிவிட்டு, மரத்தை நின்றபடியே மெல்லச் சாகவிட்டால், வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, களை குறைவாகவும் உள்ளூர்ச் செடிகள் கூடுதலாகவும் வருகின்றன. அப்படிச் செய்தாலும் மண்ணில் ஏறிய சத்து ஏறியதுதான், அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஒருமுறை ஃபாயாவை எடுத்த இடத்துக்கே சில வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் திரும்பிப் போய், பறவை போட்ட புதுக் கன்றுகளைத் தேடித் தேடிப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.